அழுதால் செல்லாது

நான் கல்லூரியில் தத்துவம் கற்பிக்கிறவன். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்கள் "அப்படியா" என்பார்கள். பிறகு என் தோளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பை எப்போதும் எனக்குத்தான் ஒதுக்குவார்கள். தூங்குகிறவர்களை எழுப்பாமல் பேசும் கலை எனக்குக் கைவந்திருந்தது.

மனிதனுக்குப் பகுத்தறிவு உண்டு. ஆகவே அவனை ஆள்கிறவன் காரணம் சொல்லித்தான் ஆள வேண்டும். ஆகவே அவனுக்குப் பிறப்பிலேயே உரிமைகள் உண்டு. ஆண்டுதோறும் நான் சொல்லிவந்தது இவ்வளவுதான். இதைச் சொன்னதற்காக அந்தக் காலத்து அறிஞர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் நாடுவிட்டு நாடு ஓடினார்கள். நான் சொன்னதற்கு மாணவர்கள் எனக்கு ‘ஆகவே’ என்று பெயர் வைத்தார்கள்.

அப்படிப்பட்ட என்னைத் தேடி ஒருநாள் நகரசபையின் கார் வந்தது. கல்லூரி முதல்வர் என்னைத் தனியே அழைத்து, "ஏதாவது பிரச்சினைன்னா முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். பிரச்சினை இல்லை, பதவி என்று தெரிந்ததும் அவர் முகத்தில் அதைவிட அதிகக் கவலை தெரிந்தது.

நகரசபைக்கு மக்கள்மேல் ஒரு மனக்குறை. முறையிட வருகிறவர்கள் கத்துகிறார்கள், மேஜையைத் தட்டுகிறார்கள், அழுகிறார்கள். ஒரு அம்மாள் வீட்டுக் குழாயையே கழற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்துவிட்டார். அந்தக் குழாயில் தண்ணீரே வந்ததில்லை என்பதால் மேஜை நனையவில்லை. இனி அறிவுக்குப் பொருந்தும் முறையீடுகளை மட்டும் கேட்பது என்று முடிவாகி, ‘அறிவுசார் முறையீட்டு மன்றம்’ பிறந்தது. எது அறிவு என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஊரில் வேறு யாருக்கும் தத்துவப் பட்டம் இல்லை.

மன்றத் தலைவர் அதற்குமுன் எடை அளவுத் துறையில் இருந்தவர். தராசில் வைக்க முடியாத எதையும் நம்பமாட்டார். தொடக்க விழாவில் அவர் பேசியது இது:

"உரிமை பிறவியிலேயே வருதுன்னு நம்ம பேராசிரியர் சொல்றார். நான் ஒத்துக்கறேன். பல்லும்தான் பிறவியில இருக்கு, ஈறுக்குள்ள. அது முளைக்கற வரைக்கும் குழந்தைக்கு முறுக்கு கொடுப்போமா? முளைச்சிருக்கான்னு வாயைத் திறந்து பார்க்கறதுதான் இந்த மன்றத்தோட வேலை. மக்களாட்சியில எல்லாம் சரியாத்தான் இருக்கு, மக்கள்தான் கொஞ்சம் கலங்கலா வராங்க. வடிகட்டிட்டா சரியாயிடும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என்னைப் பேராசிரியர் என்று யாரும் மேடையில் சொன்னது அதுதான் முதல் தடவை. காதில் விழுந்த அந்தச் சொல் இறங்குவதற்குள் மீதிப் பேச்சு முடிந்துவிட்டது.

மன்றம் மூன்றாவது மாடியில் இருந்தது. எனக்குச் சுழல் நாற்காலி, மேஜைமேல் பெயர்ப்பலகை, மூடி போட்ட கோப்பையில் தேநீர். லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும். முறையீட்டாளர்கள் படியேறி வந்து முதலில் ‘நிதான அறை’யில் உட்கார வேண்டும். அங்கே ஒரு கம்பவுண்டர் நாடி பார்ப்பார். நாடி வேகமாக ஓடினால் ஆள் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று பொருள், திரும்பிப் போக வேண்டியதுதான். மூன்று மாடி ஏறி வந்தவர்களின் நாடி எப்படி ஓடும் என்று யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட. லிஃப்டைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று முறையிட வந்த ஒரு பெரியவர் ஐந்தாறு முறை வந்து ஐந்தாறு முறையும் நாடியில் தோற்றார்.

நாடியில் தேறியவர்கள் அடுத்து என்னிடம் வருவார்கள். நான் அறிவுச் சோதனை வைப்பேன். தான் கேட்பதை எல்லோருக்குமான விதியாகச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது. ஓர் அறிஞர் வாழ்நாளெல்லாம் யோசித்துக் கண்டது அது. நான் அதை ஒரு மதியத்தில் மன்றத்துக்குப் பொருத்திக் கொடுத்தேன்.

முதலில் வந்தவர் முடிதிருத்தும் கடைக்காரர். கடை வாசலில் சாக்கடை வழிகிறது என்றார்.

"சாக்கடை எல்லார் வாசல்லயும் வழியணும்னு விரும்பறீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, எதுக்குங்க? யார் வாசல்லயும் வழிய வேண்டாம்."

"அப்ப அது எங்க போகணும்?"

அவர் சற்று யோசித்தார். "அது உங்க வேலை இல்லீங்களா?" என்றார்.

"மாற்று யோசனை இல்லாத முறையீடு" என்று தலைவர் சொன்னார். ஆனாலும் அவர் இரக்கமுள்ளவர். ஒருவருக்கு மட்டும் தொல்லை இருப்பது நீதியல்ல என்று, எதிர்வரிசைக் கடைகளுக்கும் சாக்கடையைத் திருப்பிவிட உத்தரவிட்டார். அடுத்த வாரம் தெருவில் சமத்துவம் முழங்காலளவு நின்றது. மன்றத்தின் முதல் சாதனை என்று அதைப் படம் எடுத்து மாட்டினார்கள். படத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நானும் நிற்கிறேன்.

பிறகு பற்று பற்றிய சிக்கல் வந்தது. ஒரு விஷயத்தால் பாதிக்கப்பட்டவரின் அறிவு அந்த விஷயத்தில் தெளிவாக இருக்காது என்று தலைவர் கருதினார். பாதிக்கப்படாதவரோ முறையிட வருவதில்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவன் நான்தான். முறையீட்டாளருக்காகப் பேச, அந்த விஷயத்தில் எந்த ஒட்டும் உறவும் இல்லாத ஒருவரை அமர்த்தலாம் என்றேன். தலைவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். நிலப்பதிவு அலுவலகத்தில் பல்லாண்டு வேலை பார்த்து, எதைப் பற்றியும் கவலைப்படாத பக்குவம் அடைந்திருந்த ஒரு எழுத்தரை அழைத்து வந்தார்கள். ‘பற்றற்ற பேச்சாளர்’ என்று அவருக்குப் பதவி. அவர் யாருக்காகப் பேசினாலும் யாருக்கும் எதுவும் ஆகாது.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டில் நான் விரிவாகச் சொல்வேன். எனக்குக் குடும்பம் இல்லை. அக்காவும் அத்தானும்தான். அக்கா ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாள். இந்தப் பக்கம் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை. அத்தான் ரயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், ஒருநாள் விட்டு ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரியில் இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு வருவார்.

"அப்ப அந்த முடிவெட்டறவர் கடைக்கு இப்ப ஆள் வருதா?" என்று கேட்டாள் அக்கா.

"அது கொள்கை விஷயம்க்கா. தனி ஆளைப் பார்க்கக் கூடாது."

"நாற்காலி சுத்தினா தலையும் கூடவே சுத்தணுமாடா?" என்றாள். அத்தான் சோற்றைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். நான் அதை ஒரு பாமரக் கருத்தாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

இரண்டு பக்கத்தையும் இணைப்பது ரயில் பாதைக்கு மேலே போகும் ஒரு நடைபாலம். பழுதுபார்க்க அதை மூடினார்கள். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. புது இரும்புத் தகடு, புது வர்ணம், புது விளக்கு. பிறகு இரண்டு முனையிலும் கதவு போட்டுப் பூட்டினார்கள். அமைச்சர் வந்து திறந்து வைக்க வேண்டும், அமைச்சருக்குத் தேதி கிடைக்கவில்லை. பாலம் பளபளவென்று யாரும் மிதிக்காமல் நின்றது. அந்தப் பக்கத்து மக்கள் ரயில்வே கேட் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த மண் சாலைக்கு வாடகை வண்டிகள் வர மறுத்தன.

அத்தானால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. ஒருநாள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா கடைக்கு ஓடி, ரொட்டி கொண்டுபோகும் தள்ளுவண்டியை வாங்கிவந்து, அதில் அவரை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். போய்ச் சேர்வதற்குள் அவருடைய இயந்திரத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று ரத்தம் சுத்தமாகாமலே திரும்பினார். கால் வீங்கிவிட்டது.

இதை அக்கா எனக்குச் சொல்லவில்லை. மன்றத்தில்தான் சொன்னாள். கதவு திறந்து ‘அடுத்தவர்’ என்றதும், அடுப்படி மாவு ஒட்டிய கையோடு அவள் உள்ளே வந்தாள். மூன்று மாடி ஏறியும் அவள் நாடி அசையவில்லை. கனலுக்கு எதிரே நின்று பழகிய உடம்பு.

நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். ஆனாலும் நான் பதவியில் இருந்தேன். "முறையீட்டாளர் உட்காரலாம்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"இது முறையீட்டில் சேராது" என்றார் தலைவர்.

பற்றற்ற பேச்சாளர் எழுந்தார். "பாலம் மூடியிருக்கிறது. ஆகையால் அந்தப் பக்கம் அந்தப் பக்கமாகவே இருக்கிறது. இதனால் ரயில்களுக்கு இடைஞ்சல் எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"நானே பேசிக்கறேன்" என்றாள் அக்கா.

"இந்த விஷயத்துல உங்களுக்குப் பாதிப்பு இருக்கா?" என்றார் தலைவர்.

"பாதிப்பு இல்லாதவங்க எதுக்குங்க மூணு மாடி ஏறணும்? பாலம் தயாரா இருக்கு. பூட்டைத் திறந்துவிட்டா போதும். எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு நடந்து போயிடுவார்."

தலைவர் நிதானமாகத் தலையசைத்தார். "அம்மா, நீங்க அடிப்படையிலேயே தவறு பண்றீங்க. பாலம்னா என்ன? திறந்து வைக்கப்பட்டதுதான் பாலம். திறந்து வைக்காதது வெறும் கட்டுமானம். இன்னும் பாலமே ஆகாத ஒண்ணுல நடக்கற உரிமையைக் கேட்கறது அறிவுக்குப் பொருந்துமா? பேராசிரியர் சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நெஞ்சில் ஒரு வீரம் வந்தது. என்னிடம் இருந்த ஆயுதத்தை எடுத்தேன்.

"மக்கள் தங்களோட அறிவால ஒரு ஒப்பந்தம் பண்ணித்தான் அரசாங்கத்தை உண்டாக்கினாங்க. ‘எங்களைக் காப்பாத்து, உனக்குக் கீழ்ப்படியறோம்’னு. ஆகவே, காப்பாத்தறது அரசாங்கத்தோட கடமை."

"அந்த ஒப்பந்தம் எங்க இருக்கு? யார் கையெழுத்து போட்டாங்க?"

"அது... அது ஒரு கற்பனை ஒப்பந்தம் சார். அப்படி வச்சுக்கிட்டா எல்லாம் விளங்கும்."

"சரி. அப்ப இவங்களும் கற்பனையா நடந்துக்கட்டும்" என்றார் தலைவர்.

நான் விடவில்லை. மனிதனை வேறொன்றுக்குக் கருவியாக்கக் கூடாது என்று ஓர் அறிஞர் சொன்னதை எடுத்து வைத்தேன். யாரும் இவரைக் கருவியாக்கவில்லையே, இவர்தான் ரொட்டி வண்டியைக் கருவியாக்கியிருக்கிறார், அது கடைக்காரரின் சொத்து என்றார் தலைவர். நான் மூன்றாவது அறிஞரைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா குறுக்கிட்டாள்.

"தம்பி, நீ எங்களுக்காகப் பேசறியா, எங்களைப் பத்திப் பேசறியா?"

அவள் தலைவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு ரோட்டோரம் உக்காந்துட்டு அவர் என்கிட்ட சொன்னாருங்க. ‘நீ கடைக்குப் போ, வேலைக்கு நேரமாகுது, நான் கொஞ்சம் இப்படியே இருக்கேன்’னு. வண்டிக்குக் காத்திருக்கற மாதிரி சொன்னார். அந்த ரோட்டுல வண்டியே வராதுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். குரல் உடையவில்லை. ஆனால் கண்ணோரத்தில் ஏதோ மினுங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். யாரும் அழுகிறார்களா என்று வாசலில் நின்று கவனித்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் மணியை அடித்தார்.

"அழுகை" என்று அறிவித்தார். அழுதால் முறையீடு செல்லாது. மன்றத்தின் முதல் விதியே அதுதான்.

"அழலைங்க. மாவு விழுந்துடுச்சு" என்றாள் அக்கா.

தலைவர் நியாயஸ்தர். "மாவா, கண்ணீரான்னு பக்கத்துல உக்காந்திருக்கற பேராசிரியர் பார்த்துச் சொல்லட்டும். அவர் பொய் சொல்லமாட்டார்" என்றார்.

மாவு என்று ஒரு சொல் சொன்னால் போதும். முறையீடு நின்றிருக்கும். சின்ன வயதில் நான் கண்ணாடி உடைத்தபோதெல்லாம் காற்று அடித்தது என்று சொல்லி என்னைக் காப்பாற்றியவள் அவள். ஆனால் நண்பன் உயிரைக் காக்கக்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று ஓர் அறிஞர் சொல்லியிருக்கிறார். அதை ஆண்டுதோறும் கரும்பலகையில் அடிக்கோடிட்டு எழுதுகிறவன் நான். ‘அவர் பொய் சொல்லமாட்டார்’ என்று ஒரு சபையில் சொல்லிவிட்டார்கள் வேறு. அந்தப் பெருமையை எப்படிக் கைவிடுவது?

"கண்ணீர்தான்" என்றேன். "ஆனா..."

மணி அடித்துவிட்டது. ‘ஆனா’ யார் காதிலும் விழவில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. கடையில் சரியாக வேகாத ரொட்டியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். பிறகு செருப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்.

"சார், இவங்க என் கூடப் பிறந்த அக்கா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் ஆகியிருந்தது.

தலைவர் முகம் கறுத்தது. "அப்படின்னா நீங்க சொன்ன சாட்சி செல்லாது."

"ரொம்ப சரி சார். அப்ப அவங்க அழலைன்னு ஆயிடுது இல்லையா?"

"இல்லை. அழுகை செல்லும். நீங்கதான் செல்லாது."

கம்பவுண்டர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார். நான் எழுந்தேன். நாற்காலி மட்டும் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. செய்தி எனக்கு முன்னால் இறங்கிப் போயிருந்தது.

படிக்கட்டில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. நாடி இறங்கட்டும் என்று காத்திருந்தவர்கள். முடிதிருத்துகிறவர் இருந்தார், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு. லிஃப்ட் பெரியவர் இருந்தார். அவர்களுக்கு நடுவில் அக்கா நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு அவருக்கு இயந்திரம் வைக்கற நாள். நான் பாலத்து வழியாத்தான் கூட்டிட்டு வரப்போறேன். வரவங்க வரலாம்."

"பூட்டியிருக்கே" என்றார் முடிதிருத்துகிறவர்.

"பூட்டு ஒரு பக்கம்தானே. கதவுக்கு மறுபக்கம் கீல்தானே இருக்கு?"

எல்லோரும் எழுந்தார்கள். இறங்குவதில் யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. நான் கொஞ்சம் தள்ளி, கூட்டத்தைச் சேர்ந்தவனா இல்லையா என்று தெரியாதபடி பின்னால் நடந்தேன்.

பாலத்தடியில் ஒரு காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்தார்.

"பூட்டை உடைக்கக் கூடாது. பூட்டுக்கு நான்தான் பொறுப்பு" என்றார்.

"பூட்டைத் தொடவே மாட்டோம்" என்றாள் அக்கா.

கதவை மேலே தூக்கினால் கீலிலிருந்து கழன்று வந்துவிடும். ஆனால் கனம். முடிதிருத்துகிறவரும், வழியில் சேர்ந்துகொண்ட ரொட்டிக் கடை ஆட்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம் பிடித்தார்கள். இன்னொரு கை தேவைப்பட்டது. அக்கா திரும்பிப் பார்த்தாள். "என்ன, அதுக்கும் ஏதாவது யோசிக்கணுமா?" என்றாள்.

போய்ப் பிடித்தேன். கதவு வந்தது. கையெல்லாம் கீலின் எண்ணெய்க் கறை ஒட்டிக்கொண்டது. கதவைப் பூட்டுப் பக்கத்துத் தூணிலேயே சாய்த்து வைத்தோம், பூட்டு அப்படியே தொங்கியது. காவலாளி அதை இழுத்துப் பார்த்தார். பத்திரமாக இருந்தது. ஸ்டூலைக் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டு காவலைத் தொடர்ந்தார். அந்த முனைக் கதவையும் அதேபோல் கழற்றினோம்.

அத்தானை நானும் அக்காவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தோம். பாலத்தின் நடுவில் மூச்சு வாங்க நின்றார். கீழே தண்டவாளத்தைப் பார்த்தார். கறை படிந்த என் கையைப் பார்த்தார்.

"என்ன மச்சான், மன்றத்து வேலை போயிடுச்சா?"

"போயிடுச்சு அத்தான்."

"நல்லதாப் போச்சு. இனிமே ஞாயித்துக்கிழமை நாங்களும் கொஞ்சம் பேசலாம்" என்றார்.

மன்றம் இதைப் பற்றி அவசரமாகக் கூடி விவாதித்தது. பூட்டு உடைபடவில்லை, ஆகையால் கதவு திறக்கப்படவில்லை. கதவு திறக்கப்படாததால் பாலத்தில் யாரும் நடந்திருக்க முடியாது என்று தீர்மானம் போட்டார்கள். அறிவோடு அதை மறுக்க முடியாது, நானே வாசித்துப் பார்த்தேன். என் இடத்துக்குப் பற்றற்ற பேச்சாளரை உயர்த்தினார்கள். அமைச்சருக்குத் தேதி கிடைத்த அன்று கதவுகளை மறுபடி கீலில் மாட்டி, பூட்டைத் திறந்து, ரிப்பன் வெட்டினார்கள். "இத்தனை நாள் பொறுமையாகக் காத்திருந்த மக்களின் பகுத்தறிவுக்குத் தலைவணங்குகிறேன்" என்றார் தலைவர். மக்கள் அப்போதும் காத்திருந்தார்கள், விழா முடிந்தால் அந்தப் பக்கம் போகலாமே என்று.

அக்கா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, "வகுப்பு இல்லாத நாள்ல அவரைக் கூட்டிட்டுப் போ, எனக்கு அடுப்படியில ஆள் இல்லை" என்றாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இயந்திரத்தோடு இணைத்துவிட்டால் அத்தானுக்கு நான்கைந்து மணி நேரம் படுக்கைதான். முதல் நாள் நான் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "சும்மாதானே இருக்க, உன் பாடத்தைச் சொல்லேன். தூக்கம் வந்தா நேரம் போயிடும்" என்றார்.

சொன்னேன். ஒரு காலத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் கண்டு பயந்தார்கள். ஆகவே எல்லோரும் கூடி யோசித்து, தங்கள் பலத்தையெல்லாம் ஒருவர் கையில் கொடுத்தார்கள், எங்களைக் காப்பாற்று என்று. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். என் அனுபவத்தில் இது இயல்பானது. ஆனால் பக்கத்துப் படுக்கையில் இருந்த லாரி ஓட்டுநர் தலையைத் தூக்கினார்.

"அவர் காப்பாத்தலைன்னா?"

"கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கலாம்னு இன்னொரு அறிஞர் சொல்லியிருக்கார்."

"கேட்டா கொடுத்துடுவாரா? எப்படி வாங்கறது?"

வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போது நேரம் முடிந்துவிடும். இவரோ இப்போதுதான் ஊசி குத்திப் படுத்திருக்கிறார், எங்கேயும் போகமாட்டார்.

"அது எனக்குச் சரியாத் தெரியலைங்க" என்றேன்.

"தெரியாமலா இத்தனை வருஷம் பாடம் எடுத்தீங்க?"

அத்தான் கண்ணைத் திறக்காமலே சிரிக்கத் தொடங்கினார். குழாய் ஆடுகிறது, சிரிக்காதீர்கள் என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை அவர் நிறுத்தவில்லை.